எந்தப் பக்கம் நின்றார்?

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு வல்லயம், அதாவது ஈட்டி, சாத்தியிருக்கும். கம்பு உளுத்துப்போய் மாற்றியாகிவிட்டது. இரும்பு மட்டும்தான் பழசு. ஆயுத பூஜையன்று அதற்கும் சந்தனம், குங்குமம் உண்டு. "பெரிய சண்டைக்குப் போனவரு வச்சிருந்ததுய்யா" என்பார் அப்பத்தா. எந்தச் சண்டை என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. கம்பெனியை எதிர்த்த பாளையக்காரர் புலித்தேவரின் படை என்று பிற்பாடு அதற்குப் பெயர் வைத்தது அப்பாதான்.

ராஜபாளையத்தில் பிறந்தவனுக்கு நம்பக்கூடிய கதைதான் இது. தென்காசி பஸ்ஸில் ஏறினால் சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று வழியெல்லாம் பாளையக்காரர் காலத்து ஊர்கள். எங்கள் ஊர் நாயையும் அந்தச் சண்டைகளுக்குக் கொண்டுபோனார்கள் என்பார்கள். 2005இல் நாய்க்குத் தபால்தலைகூட வந்துவிட்டது. வல்லயம் பிடித்த ஆளுக்குத்தான் எங்கள் வீட்டிலேயே பெயர் இல்லை.

அவரைத் தேடத் தொடங்கிய பிறகுதான் சிக்கல் புரிந்தது. பள்ளியில் படித்தபோது பாளையக்காரர் சண்டை என்றால் வெள்ளைக்காரனுக்கும் நமக்கும் நடந்த சண்டை. கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டு பக்கமும் நம் ஆட்கள். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் துரைமார் சிலர். சிப்பாய்கள் இந்த மண்ணுக்காரர்கள். 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டபோது எட்டயபுரம் பாளையம் கம்பெனி பக்கம் நின்றது. பங்காளிச் சண்டைக்குள் பீரங்கியோடு நுழைந்தவன் ஜெயித்தான் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

யூசுப் கானை எடுத்துக்கொள்ளுங்கள். பனையூரில் மருதநாயகமாகப் பிறந்தவர், கம்பெனி சிப்பாய்களுக்குத் தலைவராகி, 1761இல் நெற்கட்டும்செவலையும் வாசுதேவநல்லூரையும் புலித்தேவரிடமிருந்து பிடித்தார். இரண்டே வருஷத்தில் அதே கம்பெனியையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்து மதுரைக் கோட்டைக்குள் நின்றார். 1764இல் அவரைத் தூக்கில் போட்டார்கள். அவருக்குக் கீழே கூலிக்கு நின்ற சிப்பாயை என்னவென்று சொல்வது? 1761இல் துரோகி, 1763இல் வீரனா? அவன் நின்ற இடத்தைவிட்டு நகரவே இல்லையே.

"படைக் கணக்கைத் தேடாதீங்க, நிலத்தைத் தேடுங்க" என்றார் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் நண்பர். பாளையத்து ஆட்களுக்குக் கூலியாக மானிய நிலம் விடுவது வழக்கம். 1858இல் வந்த இனாம் கமிஷன், அந்த மானியத்தை யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது, இப்போது யார் அனுபவிக்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்துப் பதிந்தது. தாத்தா காலத்து நில வழக்குக் கட்டைப் பிரித்தபோது அப்படியொரு பதிவின் நகல் கிடைத்தது. என்ன காரணம் என்ற கட்டத்தில் இரண்டே சொல்: காவல் ஊழியம்.

காவல் என்றால் ஊர்க் களத்தையும் மாட்டையும் காப்பது. பாளையக்காரர் ஆளனுப்பினால் வல்லயத்தோடு கிளம்புவது. யார் கூப்பிட்டார், யாரைக் குத்தப் போனார் என்பதற்கெல்லாம் அதில் கட்டம் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினேன். ஏமாற்றம்தான், மறைப்பானேன். எனக்கு வேண்டியிருந்தது முன்னோரா, பெருமையா என்று பஸ்ஸிலேயே கேள்வி வந்துவிட்டது. எட்டயபுரத்தின் பக்கம் நின்றவர்களுக்கும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். ஒருவர்கூட அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லா வீட்டு வல்லயமும் புலித்தேவருக்காகவும் கட்டபொம்மனுக்காகவும்தான் நீண்டதென்றால், கம்பெனி யாரை வைத்து ஜெயித்தது?

அப்பத்தா காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. சண்டையில் செத்தவரைப் பட்டவன் சாமியாக்கிப் பொங்கல் வைத்தார்கள். எந்தப் பக்கம் என்று சாமியிடம் யாரும் கேட்கவில்லை.

போன மாதம் மகன் பள்ளிக்குக் குடும்ப வரலாறு எழுதினான். முதல் வரியே 'புலித்தேவர் படைவீரர்'. அதை அடித்துவிட்டு 'காவல்காரர்' என்று எழுதச் சொன்னேன். எழுதினான். அவனுக்குப் பிடிக்கவில்லை.