கோடி போடும் உரிமை

'கூலிக்கு மாரடிக்கிறான்' என்பது தமிழில் வசவு. மனம் ஒட்டாமல் வேலை பார்ப்பவனை அப்படிச் சொல்வது வழக்கம். உண்மையிலேயே கூலிக்கு மாரடித்த பெண்களை நினைத்தால் இந்த வசவு கொஞ்சம் அநியாயமாகப் படுகிறது. இழவு வீட்டுக்குள் வந்ததும் அவர்கள் செத்தவரின் பெயரைக் கேட்பார்கள். யாருக்கு யார் என்ன முறை, பிள்ளைகள் எத்தனை, கட்டிக்கொடுக்காத பெண் உண்டா என்று விசாரிப்பார்கள். பாட்டு அதற்குப் பிறகுதான். தோளில் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்து அந்த வீட்டுக்காரியின் காதில் விழும்படி அழுவார்கள். அவள் கண்ணீர் வராமல் விறைத்துப்போயிருந்தால் அவளை அழவைப்பதும் அவர்கள் வேலையில் சேர்த்தி. போகும்போது காசு வாங்கினார்கள். அதனால் என்ன?

பேரழிவைக் கலையாக்குகிறவர்கள்மீது முதலில் விழும் பழியும் இந்தக் கூலிதான்: ஊரான் சாவில் பேர் வாங்குகிறார்கள், பரிசு வாங்குகிறார்கள். 2004 சுனாமி அடித்து இரண்டு நாள் கழித்துக் கடலூரில் ஆர்கோ தத்தா எடுத்த படம் அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதைப் பெற்றது. ஒரு பெண் மணலில் முகம் கவிழ்ந்து கிடக்கிறாள். உள்ளங்கைகள் வானம் பார்த்து விரிந்திருக்கின்றன. இறந்த உறவினரின் கை மட்டும் படத்தின் ஓரத்தில் தெரிகிறது. உடலை முழுக்கக் காட்டாமல் விட்டதில் ஒரு மரியாதை உண்டு. விருது வாங்கியதைத் தவறென்று சொல்ல முடியாது. உறுத்துவது வேறொன்று: அந்த நிமிடத்தில் 'வேண்டாம்' என்று சொல்லும் நிலையில் அவள் இல்லை. செய்திப் படக்காரருக்கு அவகாசம் இல்லை என்ற சமாதானமாவது இருக்கிறது. ஆண்டுகள் கழித்து, ஆற அமர யோசித்து வருகிற கலைஞருக்கு அதுவும் கிடையாது.

இத்தாலியின் சிசிலித் தீவில் பெலிச்சே பள்ளத்தாக்கை 1968 ஜனவரியில் நிலநடுக்கம் புரட்டிப்போட்டது. ஜிபெல்லினா என்ற ஊர் தரைமட்டமாயிற்று. பிழைத்தவர்கள் பத்தாண்டுக்கு மேல் தகரக் கொட்டகைகளில் காலம் தள்ளினார்கள். பல மைல் தள்ளிப் புது ஊர் எழுந்தபோது மேயர் லுடோவிகோ கொர்ராவோ பெயர்பெற்ற கலைஞர்களை அழைத்தார். ஒருகாலத்தில் ராணுவ மருத்துவராக இருந்த ஓவியர் அல்பெர்ட்டோ புர்ரியும் வந்தார். புது ஊரில் எதையும் வைக்க அவருக்கு மனமில்லை. பழைய ஊரின் இடிபாட்டைத் தேர்ந்தெடுத்தார். இடிந்த கல்லும் மண்ணும் அங்கேயே குவித்து இறுக்கப்பட்டன. வீட்டுச் சாமான்களும் அவற்றோடு உள்ளே போயின. மேலே வெள்ளைச் சிமென்ட். 1984-இல் தொடங்கிய வேலை 1989-இல் நின்று, அவர் இறந்து இருபது ஆண்டு கழித்து 2015-இல்தான் முடிந்தது. ஏறக்குறைய 80,000 சதுர மீட்டர் பரப்பில், ஓர் ஆளின் தோள் உயரத்துக்குக் கட்டிகட்டியாக நிற்கிறது. கட்டிகளுக்கு நடுவே விட்டிருக்கும் வெடிப்புகள் பழைய தெருக்களின் தடத்தை ஒட்டிப் போகின்றன. தெருவை அவர் காப்பாற்றிவிட்டார். வாசற்படிகள் போய்விட்டன.

அந்த வெள்ளையைப் பார்க்கும் தமிழருக்குக் கோடித் துணி ஞாபகம் வரும். நம்மிடையே கோடி போட முறை வேண்டும். பிறந்த வீட்டுக் கோடி யார் கொண்டுவருவது, சம்பந்தி வீட்டுக் கோடி எப்போது வருவது என்பதில் சண்டையே நடக்கும். கடையில் வாங்கும் துணி எல்லாருக்கும் ஒன்றுதான்; அதைப் போர்த்தும் உரிமைதான் ஆளுக்கு ஆள் மாறும். வடக்கே உம்பிரியாவிலிருந்து வந்த புர்ரிக்கு அந்த ஊரோடு என்ன முறை? மேயர் அழைத்தார் என்பது பாதி பதில். சிமென்டுக்கு அடியில் தன் பெட்டியும் கட்டிலும் கிடப்பதை அறிந்தவர்தான் மீதியைச் சொல்ல வேண்டும்.

உறவுக்காரர் மட்டுமே அழலாம் என்று இதை நீட்டிவிடவும் கூடாது. அலை ஒரு குடும்பத்தையே அள்ளிக்கொண்டு போனால் கோடி போட யார் மிச்சம்? அநாதைப் பிணத்துக்கு ஊரார் துணி வாங்கிப் போடுவதும் நம் வழக்கம்தானே.

வெளியாள் முறையைச் சம்பாதிக்க முடியும் என்பதற்குச் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் ஓர் உதாரணம். 2008 மே 12 சிச்சுவான் நிலநடுக்கத்தில் பள்ளிக்கூடங்கள் சரிந்து பிள்ளைகள் மாண்டார்கள். கட்டடங்களின் தரம் பற்றிக் கேள்வி எழுந்தது. அதிகாரிகள் வாய் திறக்கவில்லை. அவர் திரட்டிய தன்னார்வலர்கள் ஊர் ஊராகப் போய் 5,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் பெயர்களைச் சேகரித்தார்கள். ஒப்பாரிக்காரி கேட்கும் அதே முதல் கேள்வி. இன்னொரு பக்கம், இடிந்த கட்டடங்களின் வளைந்த இரும்புக் கம்பிகளை வாங்கி, சுத்தியலால் அடித்து ஒவ்வொன்றாக நிமிர்த்தினார்கள். 2015-இல் லண்டன் ராயல் அகாடமியின் தரையில் அக்கம்பிகள் வரிசையாகக் கிடந்தன. சுவரில் அந்தப் பெயர்கள்.

இங்கேயும் ஒரு முள் உண்டு. சிச்சுவானில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் டிக்கெட் எடுத்து லண்டனுக்கு வரப்போவதில்லை. அவள் காதில் விழாத ஒப்பாரிதான் அது. ஆனாலும் அவள் என்றாவது வந்து நின்றால், சுவரில் தேடிக் கண்டுபிடிக்க ஒரு பெயர் இருக்கும். ஜிபெல்லினாக்காரி தன் தெருவரைக்கும் போகலாம். எந்தக் கட்டி தன் வீடு என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.