நடுவழியில் நான்கு மணி நேரம்

இரண்டு விமானங்களுக்கு நடுவே நாலைந்து மணி நேரம் கையில் கிடக்கிறது. வந்து இறங்கியிருப்பதோ முன்பின் தெரியாத ஊர். அந்த நேரத்தை என்ன செய்வது? இது வெறும் சௌகரியத்தைப் பற்றிய கேள்வி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் குறைந்தது ஐந்தரை மணி நேரம் காத்திருக்கும் பிரயாணிகளைப் பஸ்ஸில் ஏற்றி இலவசமாகவே ஊரைக் காட்டுகிறார்கள். நல்ல உபசாரம்தான். ஆனாலும் இதில் ஒரு தர்ம நியாயம் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. ஓர் ஊரை இப்படி அவசரமாகப் பார்த்துவிட்டு, "பார்த்தேன்" என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டா?

உறையூரில் குடியிருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என் வாசலுக்கே வந்துவிடுகிறது. கோலாலம்பூரிலிருந்து திருச்சியில் இறங்கிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேறு விமானம் பிடிக்கிறவர்கள் உண்டு. "நாலு மணி நேரம் இருக்கு, என்னென்ன பார்க்கலாம்?" என்று முன்கூட்டியே விசாரிப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களிடம் பட்டியல் தயாராக இருக்கும். மலைக்கோட்டை ஏறு, 1987-இல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார், நேரம் மிஞ்சினால் கல்லணை. மிஞ்சாது என்பது சொல்கிறவருக்கும் தெரியும்.

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவருக்கு இந்தப் பட்டியல் என்றாலே ஆகாது. "பந்தியில் உட்காராமல், இலையில் என்னென்ன விழுந்திருக்கிறது என்று எண்ணிவிட்டுப் போகிறவன் விருந்தாளியா?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் தெருவில் எழுபதைத் தாண்டிய நெசவாளர் ஒருவர் இருக்கிறார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். மலைக்கோட்டை உச்சிக்கு ஒரு தடவைகூட ஏறியதில்லை. "எங்கே போய்விடப் போகிறது?" என்பார். மலை போகாதுதான். வருஷக்கணக்கில் தங்கினால் ஊர் தானாகக் கண்ணில் பட்டுவிடும் என்றால் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டுமே!

இன்னும் சொல்லப்போனால், ஸ்ரீரங்கமே ஓர் இடைத்தங்கலில் உண்டான ஊர். தலபுராணக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அயோத்தியிலிருந்து ரங்க விமானத்தைச் சுமந்துகொண்டு இலங்கைக்குப் போகிற விபீஷணன், அனுஷ்டானத்துக்காகக் காவிரிக் கரையில் சற்றே நிற்கிறான். கீழே வைத்த விமானம் பிறகு எழும்பவில்லை. வைத்தவர் பிள்ளையார் என்றும், விபீஷணன் துரத்திப் போய்க் குட்டிய தழும்பு இன்னும் உச்சிப் பிள்ளையார் நெற்றியில் இருக்கிறது என்றும் சொல்வார்கள். அவன் இந்த ஊரைப் பார்க்க வரவில்லை. போகிற வழியில் நின்றான். சுமந்து வந்தது பெரிதாக இருந்தபடியால், நின்ற சிறுபொழுதும் பெரிதாகிவிட்டது.

போன வருஷம் மலேசியாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். தூரத்து உறவு; எனக்குப் பேத்தி முறை. அவள் பாட்டியின் தாயார் உறையூர்க்காரி. "தாத்தா, ஒரே இடம் போதும். கூரையில்லாத அம்மன் கோயில்" என்றாள். வெக்காளியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனேன். மண்மாரி பெய்து ஊர் அழிந்து ஜனங்கள் வெட்டவெளியில் நின்றபோது, அவர்கள் எல்லோருக்கும் வீடு கிடைக்கிறவரை தனக்கும் கூரை வேண்டாம் என்று அம்மன் வெயிலிலும் மழையிலும் இருந்துவிட்டாள் என்பது ஐதீகம். ரப்பர் தோட்டத்து லயத்தில் கூரை ஒழுகும்போதெல்லாம் அந்தப் பூட்டி இந்தக் கதையைத்தான் சொல்வாளாம். அந்தப் பெண் முக்கால் மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தாள். வேண்டுதலைச் சீட்டில் எழுதிச் சூலத்தில் கட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானும் ஒன்று எழுதிக் கட்டினாள். என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. வழியில் காப்பி சாப்பிட்டுவிட்டு நேரே விமான நிலையம் திரும்பினோம். பட்டியல்படி பார்த்தால் அவள் திருச்சியைப் பார்க்கவே இல்லை. நாலு தலைமுறையாக மனத்தில் கிடந்த இடத்துக்கு முக்கால் மணி நேரம் குறைச்சல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதே உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, கண்ணாலும் கண்டிராத பிசிராந்தையார் பாண்டி நாட்டிலிருந்து வருவார் என்று சொல்லித் தன்னருகே இடம் ஒதுக்கி வைக்கச் செய்தான். அவரும் வந்தார். பல்லாண்டு நட்புக்கு வாய்த்த பொழுது அவ்வளவே.

நண்பர் மசியவில்லை. "நிறைத்துக்கொண்டு வருகிறவனுக்குச் சரி. வெறுங்கையோடு வருகிறவன்?" என்றார். அவனும் வரட்டும், எட்டு இடம் ஓடாமல் ஒரு தறிக்கு முன்னால் அரை மணி நேரம் நிற்கட்டும் என்றேன். ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடற்பயண நூல் 'அர்கரு' என்ற ஊரின் மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அது உறையூர்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஒரு துணியால் ஊரின் பெயர் அந்த நூலில் தங்கிவிட்டது.

பங்குனி ஆயில்யத்தன்று ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூர் நாச்சியார் கோயிலுக்கு எழுந்தருளுகிறார். கமலவல்லி நாச்சியாருக்கு ஆண்டில் அந்த ஒரு நாள் சேர்த்திதான். அன்றிரவே பெருமாள் புறப்பட்டுவிடுவார். திரும்பிப் போனபின் ஸ்ரீரங்கத்துத் தாயார் கதவடைத்து நடத்தும் ஊடல் தனிக்கதை. ஒரு நாள் போதாது என்று உறையூரில் யாரும் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. இதை எடுத்துச் சொன்னதும் நண்பர் சிரித்துவிட்டார்.

"பெருமாளுக்கு என்ன ஐயா! விமானத்தை வீட்டிலேயே வைத்திருக்கிறார். பிடிக்க ஓட வேண்டியதில்லையே!" என்றார்.