இருளைப் பங்கிடும் நீதி

நிறைந்திருப்பதைப் பங்கிடும்போது எல்லோரும் நல்லவர்களே. குறைந்திருப்பதைப் பங்கிடும்போதுதான் மனிதனின் நேர்மை உரைகல்லில் தேய்க்கப்படுகிறது. நிலக்கரியை விட்டு, காற்றையும் கதிரவனையும் நம்பிச் செல்லத் தொடங்கியுள்ள இக்காலத்தில், இந்த உண்மையை நாம் எண்ணிப் பார்த்தல் தகும்.

2008ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழகம் மின்வெட்டில் தவித்தது. 2012இல் அது உச்சத்தை எட்டியது. அவ்வாண்டு தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு உள்ளிட்ட சென்னைப் பகுதிகளில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டது. பிற மாவட்டங்களிலோ பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் இல்லாத நாட்கள் உண்டு. கோவையின் சிறு பட்டறைகள் முடங்கின, விசைத்தறிகள் ஓய்ந்தன. ஒரே மாநிலம், ஒரே பற்றாக்குறை. ஆனால் இருள் மட்டும் சமமாகப் பங்கிடப்படவில்லை.

அத்தட்டுப்பாட்டுக்குக் காரணங்கள் பல. தேவை வளர்ந்த வேகத்தில் புதிய நிலையங்கள் எழவில்லை என்பது முதன்மையானது. மற்றொன்று நமக்குப் பாடமாவது. அப்போதே தமிழகத்தில் ஏறத்தாழ 7,000 மெகாவாட் திறனுள்ள காற்றாலைகள் இருந்தன. எனினும் முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்று வலுவாக வீசுவது மே முதல் செப்டம்பர் வரையே. காற்று ஓய்ந்ததும் இருள் கூடியது. கதிரவனுக்கும் இத்தகைய எல்லை உண்டு. கமுதியில் 2016இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் பகலில் வாரி வழங்குகிறது. நாம் வீடு திரும்பி விளக்கேற்றும் வேளையில் கதிரவன் மறைந்துவிடுகிறான். தமிழகத்தின் மின்தேவையோ 2024 மே மாதத்தில் 20,000 மெகாவாட்டைத் தாண்டிற்று.

அப்படியாயின் நிலக்கரியே போதுமே எனச் சிலர் வினவலாம். அந்த மின்சாரத்துக்கு உண்மையான விலை கொடுத்தவர் யார்? அனல் நிலையச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. மீனவரின் பிழைப்பு நலிந்தது. ஒளி தெற்கே வந்தது, சாம்பல் வடக்கே தங்கியது. ஆதலின் மாற்றம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மாற்று ஆயத்தமாகுமுன் பழைய உலையை அணைத்தால், அந்த இருள் முதலில் எளியவன் இல்லத்தையே தேடிச் செல்லும். வசதியுள்ளவன் இன்வெர்ட்டர் வாங்கிக்கொள்வான். மோட்டார் பூட்டிய தையல் எந்திரத்தை நம்பி வாழும் பெண் என் செய்வாள்?

மின்சாரத்தைச் சேமிக்க வழியில்லாமல் இல்லை. கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் உள்ள 400 மெகாவாட் நிலையம், மின்சாரம் மிஞ்சும் வேளையில் நீரை மேலேற்றி, வேண்டும்போது கீழிறக்கி மின்சாரமாக்குகிறது. இத்தகைய நிலையங்களும் பெரிய மின்கலங்களும் பெருகும்வரை தட்டுப்பாடு தலைகாட்டவே கூடும். அதனை எவ்வாறு பங்கிடுவது என்பது பொறியாளர் மட்டும் விடை கூறும் வினா அன்று. அஃது அறத்தின் வினா.

தலைநகருக்குச் சலுகை வேண்டாமா என்பர். மருத்துவமனைக்கும் குடிநீர் ஏற்றத்துக்கும் முன்னுரிமை வேண்டும்தான். சிற்றூர் மருத்துவமனைக்கும் அதே உரிமை உண்டு. ஆனால் பாண்டி பஜார் கடையின் அலங்கார விளக்கு, உழவனின் பம்புசெட்டைவிட எவ்வகையில் உயர்ந்தது? தேவையே அளவுகோலாக வேண்டும், முகவரி அன்று.

மின்சாரம் நமக்கு உடைமை அன்று, அமானிதம். மீண்டும் ஒரு மின்வெட்டு வருமாயின், "எங்கள் தெருவுக்கும் இருளில் உரிய பங்கைத் தருக" எனக் கேட்கும் மனம் நமக்கு வாய்க்க வேண்டும். அம்மனம் வாய்த்தால் எந்தத் தட்டுப்பாட்டையும் நாம் கடந்துவிடலாம்.