லாரிக்குத் திறந்த வழி

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுகள் கரையோடு கட்டிக் கிடக்கும். 61 நாள். மணமேல்குடிப் பக்கத்து ஆட்களுக்குத் தடைக்காலம் என்பது ஆடி, ஐப்பசி மாதிரி வருஷத்தில் ஒரு பருவம். அந்த நாட்களிலும் நாட்டுப்படகு விடியலுக்கு முன்னால் கடலுக்குப் போகும். நண்டும் கொஞ்சம் மீனுமாகத் திரும்பும். தடை கடலுக்கு அல்ல, இழுவலைக்குத்தான். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு இழுக்கக்கூடாது, அது நாட்டுப்படகுக்காரர்களின் இடம் என்கிறது அது. இதை மீறுகிறவர்கள் உண்டு, அதனால் சண்டையும் உண்டு. ஆனாலும் அடிமண்ணோடு வாரிக்கொண்டு போகிறவனுக்கும் நாலு பாகம் வலை விடுகிறவனுக்கும் ஒரே விதி இருக்க வேண்டும் என்று எந்தக் கரையிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கடலில் இவ்வளவு தெளிவாக இருக்கும் ஒன்று காட்டுக்குள் போனதும் ஏன் மறந்துபோகிறது என்பதே என் கவலை.

மணமேல்குடியிலிருந்து மேற்கே, அறந்தாங்கியைத் தாண்டி, செம்மண் மேட்டு நிலத்துக்குள் போனால் தைலமரக் காடு வரும். காடு என்று வாய் சொல்கிறது. வரிசை பிடித்து நட்ட தோட்டம் அது. காரையும் சூரையும் வீரையும் பாலையும் பின்னிக் கிடந்த பழைய புதர்க்காடு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால், ஊர் எல்லையில் மிஞ்சியிருக்கும் ஏதாவது ஒரு கோயில்காட்டுக்குத்தான் போக வேண்டும். 1974இல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் தொடங்கியது. அதன் பிறகு இந்த மாவட்டத்தில் தைலமரம் பெருந்தோட்டமாகவே பரவியது. சில ஆண்டுக்கு ஒருமுறை வெட்டு. வெட்டிய மரம் காகித ஆலைக்கு. கட்டையிலிருந்து திரும்பத் தழைக்கும், திரும்ப வெட்டு.

வெட்டுக்கு லாரி வேண்டும், லாரிக்கு வழி வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இதைக் கூப்பு ரோடு என்பார்கள். இங்கே பல இடத்தில் முன்பே கிடந்த வண்டிப்பாதையே அகலமாகி லாரிப்பாதை ஆனது. வெட்டு முடிந்ததும் லாரி போய்விடும். பிறகு பொக்லைன் வந்து பாதைக்குக் குறுக்கே ஆள் இறங்கி ஏற முடியாத ஆழத்துக்கு ஒரு அகழி வெட்டும்; வெட்டிய மண்ணை அந்தப் பக்கம் கரையாகப் போடும். அப்படி ஒரு அகழியின் ஓரத்தில் தலையில் சுள்ளிக்கட்டோடு ஒரு அம்மா நின்றதைப் பார்த்திருக்கிறேன். கட்டைக் கீழே போட்டு, உருட்டி இறக்கி, தானும் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கி, எதிர்ச்சரிவில் கட்டைத் தள்ளித் தள்ளி ஏற்றினார். பக்கத்திலேயே, கூப்பிடு தூரத்தில், சங்கிலி போட்ட வாசல் இருந்தது. சங்கிலி லாரி வரும் அன்று அவிழும்.

அகழிக்கும் மண்வரப்புக்கும் காரணம் சொல்கிறார்கள்: ஆக்கிரமிப்பைத் தடுக்க, மழைநீரைத் தோட்டத்துக்குள்ளேயே நிறுத்த. இரண்டும் பொய்க் காரணம் அல்ல. ஆனால் மேட்டில் நின்ற தண்ணீர் பள்ளத்துக்கு வராத தண்ணீர். வரத்துவாரிகள் அடைபட்டுக் கண்மாய்கள் காய்கின்றன என்று புதுக்கோட்டை விவசாயிகள் ஆண்டுக்கணக்காக முறையிடுகிறார்கள். தைலமரப் பிரச்சினை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போயிருக்கிறது. கல்லணைக் கால்வாய் மும்பாலை ஏரியோடு முடிகிற வட்டாரம் எங்களுடையது. மேலே யார் எதை அடைத்தாலும் முதலில் காய்வது கடைமடைதான்.

1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் 25ஆம் பிரிவைப் படித்தபோது கொஞ்ச நேரம் அதிலேயே நின்றுவிட்டேன். தமிழ்நாட்டுக்குத் தனியாக 1882ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது என்றாலும், இந்தப் பிரிவு எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டியது. காப்புக்காட்டுக்குள் போகும் வழியையோ நீரோடையையோ அரசின் முன் அனுமதியோடு வன அதிகாரி அடைக்கலாம். ஆனால் அதற்கு ஈடாக வசதியான மாற்று வழியோ ஓடையோ ஏற்கெனவே இருக்க வேண்டும், இல்லையென்றால் அமைத்துத் தர வேண்டும். வெள்ளைக்காரன் காட்டை மரக்கிடங்காகப் பார்த்து எழுதிய சட்டம். அதில்கூட மனிதர் நடக்கும் வழியும் தண்ணீர் நடக்கும் வழியும் ஒரே மூச்சில் வருகின்றன. மாற்று இல்லாமல் அடைக்காதே என்கிறது.

பெரிய மலைக்காடுகளிலும் கதை இதுதான். ஆனைமலையில் டாப்சிலிப் என்ற பெயரே, வெட்டிய தேக்கை மலை உச்சியிலிருந்து சரித்துவிட்டதால் வந்தது. அதற்கும் அப்பால் பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்கு 1907 முதல் 1963 வரை மரம் இழுக்கவே டிராம்வே ஓடியது. இன்று ஆனைமலையும் பரம்பிக்குளமும் புலிகள் காப்பகம். மரம் போன பாதைகளில் செக்போஸ்ட் நிற்கிறது. நிற்கட்டும். யானைக்கும் புலிக்கும் இருட்டும் அமைதியும் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் பரம்பிக்குளத்துப் பழங்குடி மக்கள் தங்கள் சொந்தக் கேரளத்துக்குள் போவதற்கே தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாகச் சுற்ற வேண்டியிருந்தது. கொரோனா ஊரடங்கில் அந்த வழியும் அடைபட்டது. 2020 அக்டோபரில் அவர்களே மண்வெட்டியும் அரிவாளுமாகக் காட்டுக்குள் பாதை வெட்ட இறங்கினார்கள். மரத்துக்கு ஒரு காலத்தில் தண்டவாளமே போட்ட காடு அது.

காட்டுவழியை அடைக்கும்போது நாம் கேட்கும் கேள்வி, உள்ளே வரலாமா கூடாதா என்பது. அந்தக் கேள்வியில் சுற்றுலா ஜீப்பும் சுள்ளிக்கட்டும் கீதாரியின் ஆட்டுமந்தையும் மழைத்தண்ணீரும் ஒன்றாகிவிடுகின்றன. கேட்க வேண்டியது, இந்த வழியில் எவ்வளவு வெளியே போகிறது, போன பிறகு மண்ணில் என்ன மிஞ்சுகிறது என்பது. அப்படிக் கேட்டால் முதலில் நிற்க வேண்டியது லாரி, கடைசியில் நிற்க வேண்டியது கால். இன்று வரிசை தலைகீழாக இருக்கிறது. அடைக்கிறவர் தன் வண்டிக்கு ஒரு வாசலை வைத்துக்கொண்டு மற்றவருக்கு வெட்டும் அகழியைப் பாதுகாப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. தன்னையும் நிறுத்திக்கொள்கிறவருக்குத்தான் இன்னொருவரை நிறுத்தும் தகுதி வருகிறது. கோட்டைப்பட்டினத்து விசைப்படகுக்காரர் 61 நாள் பிழைப்பை நிறுத்திக் கரையில் உட்காருகிறாரே, அந்தத் தகுதி.

இந்த வரிசையைத் திருப்புவது நடக்கக்கூடியதுதான். திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரியில் இரவுப் போக்குவரத்துத் தடை நடைமுறைக்கு வந்தபோது தாளவாடிப் பக்கத்து மக்கள் கொதித்தார்கள். பிறகு உயர் நீதிமன்றம் உள்ளூர்க்காரர்களுக்கு வழிவிட்டு, கனரக லாரிகள்மேல் கையை இறுக்கியது. அதே ஆண்டு மார்ச்சில் எல்லாக் காட்டிலும் மேய்ச்சலைத் தடை செய்த நீதிமன்றம், அந்த மாதமே தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா அளவில் சுருக்கிக்கொண்டது. செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகமானது. வலையில் சிக்கிய ஆவுளியாவை, அதாவது கடற்பசுவைக் காப்பாற்ற, பணம் போட்டு வாங்கிய வலையை அறுத்துவிட்ட மீனவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். அவர்களைக் கடலை விட்டு விரட்டி அந்த விலங்கைக் காப்பாற்ற முடியாது.

தைலமரக் காட்டில் இதற்கென்று ஒரு சமயம் வருகிறது. வெட்டு முடிந்து லாரி போனதும் ஒரு மழைக்காவது நிலம் திறந்து கிடக்கும். எந்த மடிப்பில் தண்ணீர் இறங்கியது, எது வண்டித்தடம், எது ஆட்டுத்தடம் என்று கண்ணுக்குத் தெரியும். தழைவு எழுந்து பொக்லைன் திரும்ப வருவதற்குள் வனத்தோட்டக் கழக அதிகாரியும் கிராம சபையில் தேர்ந்தவர்களும் கீழ்க்கண்மாய் ஆயக்கட்டுக்காரர்களும் அந்த நிலத்தை ஒன்றாக நடந்து வர வேண்டும். வாரியையும் பாதையையும் புல எண்ணோடு வரைபடத்தில் குறித்து, கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும். குறித்த இடத்தில் அகழி வெட்டக்கூடாது. சுள்ளி பொறுக்கும் பெண்களையும் அந்த நடைக்குக் கூப்பிட வேண்டும். எந்தத் தடம் எங்கே போகிறது என்று அவர்களுக்குத்தான் முழுதாகத் தெரியும்.