கற்பித்த உயிர்கள்

கை செயலற்ற ஒருவர் தம் எண்ணத்தாலேயே இயந்திரக் கையொன்றை இயக்குகிறார் எனக் கேட்டால் வியவாதார் இலர். அவ்வியப்பின் பின்னே நிற்கும் ஓர் அறவினாவை வாசக அன்பர்களின் சிந்தனைக்கு வைக்க விழைகிறோம்.

அமெரிக்கப் பெண்மணி ஒருவர் பக்கவாதத்தால் கை, கால், பேச்சு ஆகியவற்றின் ஆற்றலை இழந்து ஏறத்தாழ 15 ஆண்டுகள் கழிந்திருந்தன. 2011ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் இயந்திரக் கையை எண்ணத்தால் செலுத்திக் குடுவையிலிருந்த காப்பியைப் பருகினார். முயற்சிகள் 6, வெற்றி 4. உடலசைவைப் பணிக்கும் மூளைப் பகுதியில் 96 நுண்மின்முனைகள் கொண்ட சிறு தகடு அவருக்குப் பதிக்கப்பட்டிருந்தது.

கையை அசைக்க எண்ணுங்கால் அப்பகுதியின் நரம்பணுக்கள் துடிக்கின்றன. ஒவ்வோர் அணுவும் ஒரு குறித்த திசைக்கு மிகுதியாகத் துடிக்கும். பல அணுக்களின் துடிப்பைத் தொகுத்துக் கணிப்பொறி திசையை உணர்ந்து இயந்திரக் கைக்கு ஆணையிடும். தொடக்கத்தில் கை வழி தவறும். கண் அப்பிழையைக் காணும். மூளை தன் துடிப்பைச் சிறிது மாற்றும். பயிற்சியால் பிழை குறையும். அகரம் எழுதப் பழகும் குழந்தை கற்பதும் இவ்வாறே அன்றோ!

இவ்வுண்மையை மனிதனுக்குக் கற்பித்தவை குரங்குகள். ஒரே நரம்பணுவின் துடிப்பை உணவுப் பரிசுக்காகக் குரங்கு தானே கூட்டக் கற்கும் என 1969இல் சியாட்டில் நகர அறிஞர் எபர்ஹார்டு ஃபெட்ஸ் காட்டினார். 2008இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், இரு குரங்குகள் தம் கைகள் பிணிப்புண்ட நிலையில் இயந்திரக் கையால் உணவெடுத்து உண்டன. பிள்ளையின் கையைப் பிடித்து எழுதவைத்து, பின் மெல்ல விடும் ஆசிரியரைப் போல, கணிப்பொறி முதலில் துணைநின்று படிப்படியாக விலகியது. எவரும் கற்பியாமலே அவ்வியந்திர விரல்களை நக்கவும், அவற்றால் உணவை வாய்க்குள் தள்ளவும் குரங்கு பழகிக்கொண்டது.

அப்பெண்மணி தம் விருப்பத்தால் ஆய்வுக்கு உடன்பட்டார். குரங்கின் உடன்பாட்டை எவர் கேட்டார்? ‘குரங்குதானே’ எனும் விடை இங்கு நில்லாது. அதன் மூளை நம்முடையதைப் போலவே கற்கிறது என்பதாலன்றோ அதனைத் தேர்ந்தனர்? ஒப்புமை இல்லையெனில் ஆய்வால் பயனில்லை. உண்டெனில் வருத்த உரிமையில்லை. ஆய்வு வெல்லுந்தோறும் அதற்குரிய சாக்கு தோற்கிறது. விலங்குகளுள்ளும் ஒரு சாரார்க்கு மனமாகிய ஆறாம் அறிவு உண்டெனத் தொல்காப்பிய மரபியல் அன்றே கூறிற்று.

பிணியாளர் துயர் பெரிதன்றோ எனின், பெரிதே. அவருக்கு எட்டிய குவளையைத் தட்டிவிடுதல் அறமாகாது. பயனை மறுப்பதால் குரங்கு பட்ட துன்பம் நீங்கிவிடாது. ஆயினும் நேற்றைய துன்பம் நாளைய துன்பத்திற்கு உரிமைச்சீட்டு ஆகாது. உடன்பட்டு முன்வரும் மனிதரிடமே அறியத்தக்க செய்திக்கும் விலங்கை நாடுதல் தேவையன்று, பழக்கமே. பழக்கத்தால் செய்யும் இம்சையே விடுதற்கு அரியது.

இக்கருவியின் அருமையை நம் பிள்ளைகளுக்கு உரைக்குங்கால், அறிஞர்தம் பெயரோடு பெயரற்ற அக்குரங்குகளையும் நினைவூட்டுவோமாக. கற்பித்தவரை மறவாமை மாணாக்கரின் முதற்கடன். அவரை மேலும் வருத்தாமை அதனினும் பெரிய கடன்.