மங்கலம் எதில் இருக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன் மும்பை செம்பூரில் ஒரு மாலைச் சொற்பொழிவு முடிந்ததும், அம்மையார் ஒருவர் தயங்கியபடி என்னிடம் வந்தார். கணவரின் சிறுநீரகச் சிகிச்சைக்காகத் தமது தாலிக்கொடியையும் திருமாங்கல்யத்தையும் அடகு வைத்திருந்தார். மருத்துவமனைக் கட்டிலில் அமர்ந்தபடியே கணவர் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கோத்து அவர் கழுத்தில் கட்டியிருந்தார். ‘இது அபசகுனம், அவர் உயிருக்கே ஆகாது என்கிறார் நாத்தனார். நான் தவறு செய்துவிட்டேனா, சுவாமிஜி?’ என்று கேட்டார்.

‘தவறில்லை’ என்று ஒரு சொல்லில் கூறிவிடலாம். ஆனால் அந்த அச்சம் ஒரு சொல்லால் தீரக்கூடியதல்ல. அதன் அடியில் ஓர் ஆழ்ந்த வினா இருக்கிறது: மங்கலம் அணியும் பொருளில் இருக்கிறதா, அணிபவரின் உள்ளத்தில் இருக்கிறதா?

முதல் விடையைச் செம்பூரே தருகிறது. மாலை வேளையில் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வரும் பெண்களைப் பாருங்கள். மராட்டியப் பெண்ணின் கழுத்தில் கருமணி கோத்த மங்கள சூத்திரம், தமிழ்ப் பெண்ணின் கழுத்தில் தாலி, வங்காளப் பெண்ணின் கைகளில் வெண்சங்கு வளையும் சிவப்பு வளையும், கிறிஸ்தவப் பெண்ணின் விரலில் மோதிரம். ஒருவருக்கு உயிரினும் மேலான சின்னம் மற்றொருவருக்கு வெறும் நகை. மங்கலம் பொருளிலேயே உறைந்திருக்குமானால் இவ்வேறுபாடு எப்படி வந்தது?

வரலாறும் இதையே கூறுகிறது. அகநானூற்றின் 86, 136-ஆம் பாடல்கள் பண்டைத் தமிழர் திருமணத்தை விரிவாக வருணிக்கின்றன. அவற்றில் மணமகன் தாலி கட்டும் செய்தி இல்லை. சங்க இலக்கியத்தில் புலிப்பல் தாலி என்பது சிறுவர்க்குக் காப்பாக அணிவித்தது. ரோமானியர்கள் மணம் பேசிய பெண்ணுக்கு அனுப்பியது கல் பதிக்காத இரும்பு மோதிரம் என்று கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி எழுதினார். மோதிர விரலிலிருந்து இதயத்துக்குத் தனி நரம்பு செல்கிறது என்று முன்னோர் நம்பினர். உடற்கூற்றியலில் அப்படி ஒரு நரம்பு இல்லை.

சட்டமும் பொன்னைக் கட்டாயமாக்கவில்லை. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், சப்தபதி வழக்கம் உள்ள திருமணங்கள் ஏழாவது அடி வைத்ததும் நிறைவு பெறுகின்றன என்கிறது. தமிழகத்தில் 1967-இல் செய்யப்பட்ட திருத்தம், உற்றார் முன்னிலையில் மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் திருமணம் செல்லும் என்கிறது. அதுமட்டுமல்ல, ‘இவரை ஏற்கிறேன்’ என்று இருவரும் தமக்குப் புரியும் மொழியில் சொன்னாலே போதும். அடிப்படையாக நிற்பது வாக்கு.

அப்படியானால் சின்னங்களே வேண்டாமா? அப்படிக் கூறுவதும் அவசரமே. மனித மனம் மறக்கும் இயல்புடையது. காளிதாசரின் நாடகத்தில் துர்வாசரின் சாபத்தால் துஷ்யந்தன் சகுந்தலையை மறக்கிறான். தொலைந்த மோதிரம் மீனின் வயிற்றிலிருந்து திரும்பி வந்த பிறகே அவனுக்கு நினைவு மீள்கிறது. ஆனால் மூலக் கதையான மகாபாரதத்தில் சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை. அங்கே மன்னன் மறக்கவில்லை, அறிந்தே மறுக்கிறான். சகுந்தலை எந்த அணியையும் சான்றாகக் காட்டாமல், சத்தியத்தின் பெருமையை அவனுக்கு எடுத்துரைக்கிறாள். இரு கதைகளையும் சேர்த்துப் படித்தால் ஒன்று விளங்கும். மறதிக்கு மோதிரம் மருந்தாகலாம். பொய்ம்மைக்கு அது மருந்தாகாது. வாக்கைக் காக்கும் மனம் இல்லாதவன் விரலில் பத்து மோதிரங்கள் இருந்தும் பயனில்லை.

இங்கே நாம் நேர்மையுடன் நோக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. வாக்களித்தவர் இருவர். ஆனால் சின்னத்தின் பாரத்தைப் பெரும்பாலும் பெண்ணே சுமக்கிறாள். கணவரின் நலிவுக்கு அவள் கழுத்தின் வெறுமையைக் காரணம் காட்டுகிறோம். மனைவியின் நோய்க்குக் கணவன் எதை அணியத் தவறினான் என்று நாம் கேட்பதில்லை. நினைவுக்காக ஏற்பட்ட ஒன்றை அச்சுறுத்தும் கருவியாக்குவது சமயமும் ஆகாது, தர்மமும் ஆகாது.

அந்த அம்மையாரிடம் கூறினேன்: ‘அம்மா, இன்பத்திலும் துன்பத்திலும் துணை நிற்பேன் என்று வாக்களித்தீர்கள். அந்த வாக்கின் அடையாளம்தான் அந்தப் பொன். அந்த வாக்கைக் காப்பதற்காகவே அது இன்று அடகுக் கடையில் இருக்கிறது. பொன் அதைவிடச் சிறந்த எந்தப் பணியைச் செய்ய முடியும்?’

அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெல்லிய குரலில், ‘அவர் போய்விட்டால் இந்தக் கயிற்றையும் கழற்றிவிடுவார்களே, சுவாமிஜி?’ என்றார்.

அன்று நான் உடனே விடை கூறவில்லை. இன்று கூறுகிறேன். மரணம் உடலைப் பிரிக்கிறது. உண்மையாக வாழ்ந்த வாழ்வை அது அழிப்பதில்லை. அந்த வாழ்வின் நினைவாக அவர் எதை அணிவது, எதை விடுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். துயரத்தில் இருப்பவரின் கழுத்தையும் கைகளையும் வெறுமையாக்கும் உரிமை ஊருக்கோ உறவுக்கோ இல்லை. மங்கலம் அவருடைய உள்ளத்தில் இருக்கிறது. அங்கிருந்து அதை எவராலும் கழற்ற இயலாது.