அம்பிகாபதி பிழைத்துக்கொண்டால்

2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி ‘அம்பிகாபதி’ திரையரங்குகளுக்கு மறுபடி வந்தது. தனுஷ் நடித்து 2013இல் இந்தியில் ‘ராஞ்சனா’ என்றும் தமிழில் இந்தப் பெயரிலும் வெளியான படம். அன்று பார்த்தவர்களுக்கு முடிவு தெரியும். காசியின் சந்துகளில் வளர்ந்த குந்தன் கடைசியில் மருத்துவமனைக் கட்டிலில் உயிரை விடுகிறான். மறுவெளியீட்டில் அவன் சாகவில்லை, கண் விழிக்கிறான். அந்தக் கண்விழிப்பை யாரும் நடிக்கவில்லை, எந்தக் கேமராவும் படம் பிடிக்கவில்லை. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு செய்து ஒட்டியிருந்தார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராய் கொதித்தார். தான் மறுத்தும் இது நடந்தது என்றும், படத்தின் ஆன்மாவே பறிபோய்விட்டது என்றும் தனுஷ் அறிக்கை விட்டார். உரிமையை வைத்திருந்த ஈரோஸ் நிறுவனமோ சட்டம் தன் பக்கம் என்றது.

அந்தக் கடைசிக் காட்சியில் குந்தனின் மனக்குரல் ஓடும். எழுந்துவிடலாம் என்று அவனுக்குத் தெரியும். யாருக்காக எழுவது, மறுபடி எதற்கு என்று யோசித்து, வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொள்கிறான். அவனுடைய சாவு அவனே எடுத்த முடிவு. இரண்டரை மணி நேரக் கதை அந்த முடிவை நோக்கித்தான் நகர்கிறது. அவனை எழுப்பி உட்கார வைத்தவர்கள் சோகத்தைத் துடைத்ததாக நினைத்திருக்கலாம். அவர்கள் அழித்தது அவனுடைய மறுப்பை.

ஏஐ என்றதும் நம் ஊரில் பேசப்படும் சந்தேகங்கள் வேறு. வேலை போய்விடுமோ, வாட்ஸப்பில் வந்த வீடியோ நிஜமா, பிள்ளை வீட்டுப்பாடத்தைத் தானே எழுதினானா. எல்லாம் நியாயமான கவலைகள். எனக்கு இவற்றைவிட ஆழமாக உறுத்துவது அந்த மறுப்பு காணாமல் போவதுதான்.

தமிழில் அந்தப் படத்துக்கு வைத்த பெயரையும் யோசித்துப் பாருங்கள். கம்பரின் மகன் அம்பிகாபதி, சோழ இளவரசி அமராவதி இருவரின் காதல் கதை அது. காதல் கலவாமல் நூறு பாட்டுப் பாடினால் உயிர் தப்பலாம் என்பது நிபந்தனை. காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்ட அமராவதி, நூறு முடிந்ததென்று எட்டிப் பார்க்கிறாள். தொண்ணூற்றொன்பதில் நிற்பவன் அவளைக் கண்டதும் காதலைப் பாடிவிடுகிறான். தலை போகிறது. உண்மையில் நடந்ததோ இல்லையோ, தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வந்த கதை. 1937இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் தியாகராஜ பாகவதர் நடித்தார். 1957இல் சிவாஜி கணேசன் நடித்தார். ஒரே ஒரு பாட்டைக் கூட்டிவிட்டால் அம்பிகாபதி பிழைத்துக்கொள்வான். அதைவிட எளிய திருத்தம் உண்டா? ஆனாலும் நம் கைக்கு வந்து சேர்ந்த கதையில் அவன் சாகிறான். சொன்னவர்களும் கேட்டவர்களும் அந்தச் சாவைத் தாங்கிக்கொண்டார்கள்.

வட மாவட்டங்களில் துக்க வீடுகளில் பதினாறாம் நாள் காரியத்தை ஒட்டிக் ‘கர்ண மோட்சம்’ கூத்து வைக்கும் வழக்கம் உண்டு. இதைப் பற்றி எப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள், மனதைத் தேற்றிக்கொள்ளக் கலகலப்பான ஏதாவதொன்றைக் கேட்கவில்லை. இன்னொரு சாவை விடிய விடியப் பார்க்கிறார்கள். கர்ணன் விழுவான் என்று முன்வரிசைக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தே உட்கார்ந்திருந்து, அவன் விழும்போது தன் வீட்டுச் சாவையும் சேர்த்து அழுது தீர்க்கிறார்கள். கூத்து வாத்தியாரைக் கூப்பிட்டு, இன்றைக்கு மட்டும் கர்ணனை விட்டுவிடுங்கள் என்று அந்த வீட்டார் கேட்டால் அவர் என்ன சொல்வார்? மறுப்பார் என்றே நம்புகிறேன். கேட்டதையெல்லாம் கொடுப்பது தன் வேலை இல்லை என்று அவருக்குத் தெரியும்.

முடிவை மாற்றுவது புதிதா என்று கேட்கலாம். ‘ஷோலே’ (1975) படத்தில் தாக்கூர் கப்பர் சிங்கைக் கொல்வதாகத்தான் முதலில் எடுத்தார்கள். தணிக்கைக் குழு ஒப்புக்கொள்ளாததால் போலீஸ் வந்து தடுப்பதாக மாற்றினார்கள். அது அதிகாரத்தின் தலையீடு, அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் இயக்குநர் ரமேஷ் சிப்பி தானே மறுபடி படமாக்கினார், அதே நடிகர்கள் வந்து நின்று நடித்தார்கள். மனசில்லாமல் செய்திருந்தாலும் செய்தவர்கள் அவர்கள். கடைசிவரை முரண்டு பிடிக்கும் வாய்ப்பு அவர்கள் கையில் இருந்தது. ‘அம்பிகாபதி’யில் இயக்குநர் ஒப்பவில்லை, நடிகர் ஒப்பவில்லை, இருந்தும் காட்சி தயாராகிவிட்டது. மனிதர்களை வைத்துத்தான் கலை செய்தாக வேண்டும் என்றிருந்த காலத்தில், அவர்களுடைய சம்மதம் பாதியாவது தேவைப்பட்டது. இப்போது அந்தத் தேவையே இல்லாமல் போகிறது.

இறந்தவர்களின் குரலில் இது இன்னும் நுட்பமாக நடக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாடலில் ஏ.ஆர். ரகுமான் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏஐ மூலம் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, ஊதியமும் கொடுத்ததாக அவரே சொன்னார். அதே ஆண்டு ‘கோட்’ படத்தில், ஜனவரியில் மறைந்த பவதாரிணியின் குரல் ஒரு பாட்டில் ஒலித்தது. அக்காவின் குரலைக் கேட்க இசையமைப்பாளர் யுவன் ஆசைப்பட்டதில் நான் குறை காணமாட்டேன். தெலுங்கில் ‘கீடா கோலா’ படத்துக்கு எஸ்.பி. பாலசுப்ரமணியம் குரலை அனுமதியின்றி உருவாக்கிவிட்டார்கள் என்று அவருடைய மகன் சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். அதோடு ஒப்பிட்டால் ரகுமான் செய்தது நேர்மையான வழி, சந்தேகமே இல்லை.

ஆனாலும் மனசு சமாதானமாகவில்லை. சாகுல் ஹமீது என்றால் எனக்கு ‘திருடா திருடா’வின் ‘ராசாத்தி’ பாட்டு. வாத்தியங்களே இல்லாமல் கூட்டுக் குரல்களின் மேல் அவர் குரல் தனியாக ஏறி நிற்கும். அந்தப் பாட்டின் துயரத்தை எவ்வளவு கொட்டுவது, எங்கே அடக்குவது என்று அவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று முடிவெடுத்தார். இன்று செய்யப்படுவதோ, ஒருவர் பாடியதன்மேல் இன்னொருவரின் குரல் நிறத்தைப் பூசுவது. நிறம் அச்சாக வந்துவிடுகிறது. இந்த இடம் எனக்குச் சரிப்படவில்லை சார், வேறு மாதிரி பாடிப் பார்க்கட்டுமா என்று கேட்கும் ஆள் அங்கே இல்லை. பாடகர் என்பவர் அந்த ஆள்தான் என்று நான் நினைக்கிறேன். வாரிசுகளின் சம்மதம் சட்டத்துக்குப் போதும். அந்த ஆளின் இடத்தை அதனால் நிரப்ப முடியாது.

நம்முடைய அன்றாடத்திலும் இந்த மறுப்பில்லாத நிலை ஊறுகிறது. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியில் செய்த ஒரு மாற்றத்தைச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. எதைச் சொன்னாலும் ஆமாம் போட்டு அளவுக்கு மீறிப் புகழ்கிறது என்று பயன்படுத்தியவர்களே சொன்னார்கள். அந்தக் கோளாறு எப்படி வந்திருக்கும் என்று பார்த்தால் நம் முகமே தெரிகிறது. பயனர்களுக்குப் பிடித்த பதிலைப் பார்த்துப் பார்த்துத்தான் இயந்திரம் பழக்கப்படுகிறது, நமக்குப் பிடித்தது நம்மை ஒத்துக்கொள்கிற பதில். இப்படி இணங்கியே போகும் ஒன்றோடு நாள் முழுக்கப் பேசிப் பழகியவர்களுக்கு, கவிதையை வாங்கிப் படித்துவிட்டுப் பாதியை அடித்துத் திருப்பித் தரும் ஆசிரியரைப் பொறுத்துக்கொள்ள முடியுமா? எழுதுகிற ஆசை உள்ள இளைஞர்களை நினைத்துத்தான் பயப்படுகிறேன். எனக்கு எழுத வந்ததெல்லாம், இது தேறாது என்று முகத்துக்கு நேரே சொன்ன பெரியவர்களால் வந்தது. அன்றிரவு தூக்கம் வரவில்லை, மறுநாள் வாக்கியம் மாறியது.

எல்லாவற்றையும் ஒதுக்கச் சொல்லவில்லை. 2023 நவம்பரில் வெளியான பீட்டில்ஸின் ‘நௌ அண்ட் தென்’ பாட்டைச் சிலர் ஏஐ பாட்டு என்றே நினைத்தார்கள். ஜான் லென்னன் 1970களின் இறுதியில் வீட்டில் பியானோ வாசித்தபடி பாடிப் பதிந்துவைத்த கேசட் அது. 1995இல் மற்ற மூவரும் முயன்று, குரலைப் பியானோ ஒலியிலிருந்து பிரிக்க வழியில்லாமல் கைவிட்டார்கள். புதிய தொழில்நுட்பம் அதைப் பிரித்துக் கொடுத்தது. பாடியது லென்னன், மூச்சு அவருடையது. சேறு படிந்த ஒன்றைக் கழுவித் தருகிற இந்த வேலைக்கு நான் கைகூப்புவேன். அழிந்துகொண்டிருக்கும் நம் பழைய ஒலிநாடாக்களுக்கும் படச்சுருள்களுக்கும் இதைச் செய்யாமல் விட்டால் அதுதான் பாவம்.

சட்டத்தின் நிலையையும் சொல்லியாக வேண்டும். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 57ஆம் பிரிவில், உரிமையை விற்றுவிட்ட பிறகும் தன் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையைப் படைப்பாளிக்குத் தருகிறது. நல்ல பிரிவு. ஆனால் திரைப்படத்துக்குப் படைப்பாளி யார் என்று அதே சட்டத்தைக் கேட்டால், தயாரிப்பாளர் என்கிறது. இயக்குநர் அதில் இல்லை. 2012இல் வந்த திருத்தம் பாடகர், நடிகர் போன்ற நிகழ்த்துகலைஞர்களுக்கு ஓரளவு இதே பாதுகாப்பைக் கொடுத்தது. எடுத்த காட்சியைச் சிதைப்பதைப் பற்றி அது பேசுகிறது. எடுக்கவே எடுக்காத காட்சியில் ஒருவரை நடிக்க வைக்க முடியும் என்பதை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் கற்பனை செய்திருக்கவே முடியாது. அமெரிக்காவில் 2023இல் நடிகர் சங்கம் நூறு நாட்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து, நடிகரின் கணினிப் பிரதியை உருவாக்க அவருடைய சம்மதம் வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் ஏற்றியது. நம் சங்கங்களும் அடுத்த ஒப்பந்தங்களில் அதைக் கேட்க வேண்டும், இயக்குநரைப் படைப்பாளியாக ஏற்கும் திருத்தத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவரப் போராட வேண்டும். பாடுகிறவர்களும் நடிக்கிறவர்களும் அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் குரலையும் முகத்தையும் உங்களுக்குப் பின் எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று இப்போதே எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள்.